தண்ணீர் நின்ற பிறகு

ஜனவரி மாதக் கடைசியில் செய்தித்தாளின் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு செய்தி வரும். டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையிலிருந்து விடப்பட்ட தண்ணீர் நிறுத்தப்பட்டது என்று. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது முறை. அணையில் இருக்கும் நீரைப் பொறுத்து இந்தத் தேதிகள் முன்பின் ஆகும். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அந்தச் செய்தியை நின்று படிக்கிறவள் அநேகமாக நான் ஒருத்திதான். படித்த உடனே மனசு மன்னார்குடிக்குத் தெற்கே ஓடிவிடும். இனிப் பாமணியாற்றில் தண்ணீர் வடியும். மடைவாய்கள் காயும். தாளடி வயலில் நின்ற ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். இன்னும் கொஞ்ச நாளில் வரப்புக் குருவி பாட ஆரம்பித்துவிடும்.

வரப்புக் குருவி என்பது எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். பக்கத்துத் தெருவில் அதைப் புல்லுக் குருவி என்றிருக்கலாம், மண்ணுக் குருவி என்றிருக்கலாம். யாரும் அதைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. பேசும்படியாக அதன் உடம்பில் ஒன்றும் இல்லை என்பார்கள். மைனாவுக்கு மஞ்சள் மூக்கு இருக்கிறது, மீன்கொத்திக்கு நீலம் இருக்கிறது, கொண்டலாத்திக்குக் கொண்டை இருக்கிறது. இதற்கு முதுகெல்லாம் காய்ந்த வைக்கோல் நிறம், அதன்மேல் கரும்பழுப்புக் கீற்றுகள். வயிறு வெளிறியிருக்கும். மார்பில் மட்டும் யாரோ பேனா முனையால் தொட்டுத்தொட்டு எடுத்த மாதிரி மெல்லிய கோடுகள். கண்ணுக்கு மேலே ஒரு வெளிர்ப் பட்டை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், 15 சென்டிமீட்டர் இருக்கும், ஆனால் ஒடிசலாக, நிமிர்ந்து, ஏதோ அழைத்த குரலுக்குக் காது கொடுப்பதுபோல நிற்கும். அறுத்த வயலில் அது அசையாமல் நின்றால் மண்கட்டியையும் அதையும் பிரித்துச் சொல்ல முடியாது. நடந்தால்தான் குருவி.

அந்த நடைதான் எனக்கு முதலில் பிடித்தது. சிட்டுக்குருவிபோல இது தத்தாது. காலை மாற்றிமாற்றி வைத்து ஓடும். நாலடி ஓடும், நிற்கும், வாலை மேலும் கீழுமாக ஆட்டும், மறுபடி நாலடி. தாள்கட்டைகளுக்கு நடுவே போகும்போது அதன் தலை மட்டும் தெரியும், மறையும், தெரியும். வெட்டுக்கிளியோ வண்டோ எழும்பினால் ஓடிப்போய்ப் பிடிக்கும். ஈசல் பறக்கும் நேரத்தில் தரையை விட்டு எவ்வி எடுக்கும். சின்ன நத்தை, புழு எதையும் விடாது. பறக்கும்போது வாலின் இரண்டு ஓரத்து இறகுகளும் வெள்ளையாகப் பளிச்சிடும். உட்கார்ந்ததும் அந்த வெள்ளையும் மடிந்து மண்ணாகிவிடும்.

தஞ்சைப் பக்கத்து வயல் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பச்சைதான் ஞாபகம் வரும். படத்திலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். எனக்கு அந்த வயலின் பழுப்புதான் ஞாபகம். தை மாசி அறுப்புக்குப் பிறகு, ஆனி வரைக்கும் நீளும் அந்தப் பழுப்பு. அதற்குள்ளே எத்தனை வேலை நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நெல் வயலிலே நிற்கும்போதே, அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இராப்பனியையும் குடித்தே அது எழுபது எழுபத்தைந்து நாளில் காய்த்துவிடும். எங்கள் அப்பா ஆடுதுறை 3 விதையைத்தான் தேடி வாங்கி வருவார். அறுப்பு ஆட்கள் நெல்லை அறுத்துக்கொண்டு போகப் போக அவர்கள் காலடியில் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். மிதிபட்டும் எழுந்துவிடும்.

அந்த உளுந்துக்குள்தான் வரப்புக் குருவியின் குடித்தனம். வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் இது கூடு கட்டக்கூடியதுதான். ஆனால் முக்கியமான காலம் வறண்ட மாதங்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை, அதற்கு மேலும் குஞ்சு பொரிக்கும். இதற்கு மரம் வேண்டாம், புதர் வேண்டாம், ஓட்டு இறவாணம் வேண்டாம். தரையில் ஒரு சின்னப் பள்ளமும் அதற்கு மேலே சாய்ந்த ஒரு புல் கற்றையும் போதும். அப்படியென்றால் அந்தத் தரையில் தண்ணீர் நிற்கக்கூடாது. காவிரியில் தண்ணீர் வரும் ஆறேழு மாதத்துக்கு எங்கள் வயல் நாற்றுக்கும் தவளைக்கும் கொக்குக்கும் சொந்தம், அப்போது இந்தக் குருவிக்கு வரப்பும் திடலும்தான் மிச்சம். தண்ணீர் நின்ற பிறகு அத்தனை வேலி நிலமும் இதன் கைக்கு வந்துவிடும். மேட்டூர் மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவே உள்ள அந்த மாதங்களைப் பயிரில்லாத காலம், சும்மா கிடக்கிற காலம் என்று சொல்கிறோம். ஓர் உயிர் தன் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்குவது அந்தச் சும்மா கிடக்கிற காலத்தில்தான்.

நான் ஏழாவது படித்த வருடம். பங்குனி வெயில். உளுந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூக்குவாளியில் மோரை ஊற்றிக்கொண்டு வயலுக்குப் போவது என் வேலை. பதினைந்து பதினாறு பெண்கள் ஒரு வரிசையாகக் குனிந்து செடியைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். நான் வரப்பில் நின்றேன். திடீரென்று என் காலுக்கு முன்னால் ஒரு குருவி விழுந்தது. விழுந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, சிப் சிப் சிப் என்று கிறீச்சிட்டுக்கொண்டு, நாலடி நொண்டியது. பிடித்துவிடலாம் என்று வாளியை வைத்துவிட்டு ஓடினேன். கைக்கு எட்டுகிற தூரம் வந்ததும் இன்னும் நாலடி தள்ளிப் போனது. அப்படியே என்னை ஒரு மா தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டு, ஒரு நொண்டலும் இல்லாமல் எழுந்து பறந்து போனது.

"பாப்பா, அங்கெல்லாம் ஓடாத, அது ஒன்னைய ஏமாத்துது. இங்க வா, காட்டுறேன்" என்று வரிசையிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டாள். அவள் வருடா வருடம் எங்கள் வயலுக்குப் பறிப்புக்கு வருகிறவள். குனிந்த நிலையிலேயே ஒரு கையால் வரப்போரத்துக் கோரைப் புல்லை விலக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணம். உலர்ந்த புல்லாலும் வேராலும் பின்னியது. பின்பக்கத்துப் புல் அப்படியே மேலே வளைந்து பாதிக் கூரை மாதிரி மூடியிருந்தது. உள்ளே மூன்று முட்டை. பச்சை கலந்த சாம்பல் நிறம், அதில் எண்ண முடியாத அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள். என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தன. புல் கற்றையை அவள் விட்டதும் கூடு காணாமல் போனது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு மறுபடி தெரியவில்லை.

அவள் அந்தப் புல்லைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பிடுங்காமல் விட்டுவிட்டுத் தாண்டிப் போனாள். அடுத்து வந்தவளும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சுற்றிக்கொண்டு போனாள். அப்பா வரப்பின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன அது, பறிக்காம விட்டுட்டுப் போறீங்க?" என்று குரல் கொடுத்தார். "கூடு இருக்குங்க ஐயா. நாலு செடி போனா போவுது." அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனால் அறுத்துப் பறித்து வெறுமையான அந்த வயலில், வரப்போரமாக, ஒரு முழம் பச்சை மட்டும் பல நாள் நின்றதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தப் பச்சையைத்தான் நான் விட்டுவிட்டு வந்தேன் என்று தோன்றுகிறது.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து ஐந்தாறு வருடம் கழித்து, தை மாதப் புத்தகக் காட்சியில் ஒரு பறவைப் புத்தகம் வாங்கினேன். பிள்ளைக்குப் படம் காட்டத்தான் வாங்கியது. புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு பக்கத்தில் அது நின்றது. நிமிர்ந்த அதே நிலை, மார்பில் அதே கோடுகள். வயல் நெட்டைக்காலி என்று பெயர் போட்டிருந்தது. பெயரைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சரியான பெயர். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் வெளிர் நிறத்தில் அந்தக் கால்கள், பின்விரலில் நீண்ட நகம், எல்லாம் என் கண்முன் ஓடின. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த ஒருவருக்கு இவ்வளவு அழகான பெயர் இருக்கிறது என்று ஊரை விட்டு வந்த பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டதுபோல இருந்தது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். இதற்கு ஆந்தஸ் ரூஃபுலஸ் என்று 1818இல் அறிவியல் பெயர் வைத்தவர் வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர். வாலாட்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, வாலை ஆட்டுவது அந்தக் குடும்பத்துக்கே உள்ள பழக்கம். இந்தியா, இலங்கையில் தொடங்கிக் கிழக்கே இந்தோனேசியா வரைக்கும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் ஜாவா தீவின் நெல் விவசாயிக்கும் இது அக்கம்பக்கத்துக் குருவிதான். நெடுங்காலம் இதைத் தனி இனம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. நியூசிலாந்து வரைக்கும் இருக்கும் பல நெட்டைக்காலிகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே இனம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பழைய புத்தகங்களில் இதற்கு நியூசிலாந்தின் பெயர்தான் இருக்கும். பழுப்பும் கோடுமாக இருக்கிறவற்றைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். குரலைக் கேட்க வேண்டும், நடையைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் வடக்கேயிருந்து இதன் சொந்தங்கள் வந்து சேரும். அவற்றில் ரிச்சர்டு நெட்டைக்காலி சைபீரியா, மங்கோலியாப் பக்கத்திலிருந்து வருகிறது. கொஞ்சம் பெரியது, இன்னும் நிமிர்ந்து நிற்கும், எழும்பும்போது கரகரப்பாக உரக்க ஒரு சத்தம் கொடுக்கும். நம்முடையது சிப் சிப் என்று சன்னமாகத்தான் சொல்லும். மஞ்சள் வாலாட்டிகளும் அதே சமயம் வரும். எல்லாம் ஒரே வயலில் மேயும்போது யார் யார் என்று சொல்வது கஷ்டம். பங்குனி சித்திரையில் வந்தவையெல்லாம் புறப்பட்டுப் போய்விடும். அனல் அடிக்கிற வயலில் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருப்பது நம் ஊர்க் குருவி. அது எங்கேயும் போகாது. எனக்கு அந்தத் தகவலைப் படித்தபோது கொஞ்சம் வலித்தது.

பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண் குருவி தரையிலிருந்து கிளம்பி, அலைபோல ஏறி இறங்கி ஏறி இறங்கி மெதுவாகப் பறக்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரே மாதிரிச் சின்னச் சின்னச் சத்தங்களை அடுக்கிக்கொண்டே போகும். சாவிக்கொத்தைக் கைக்குள் வைத்து மெதுவாகக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. ஒரு சுற்று முடிந்ததும் இறங்கி ஏதாவது மண்கட்டியின்மேல் நிற்கும். ராகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வானம்பாடியைக் கேட்டவர்கள் இதைப் பாட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வானம்பாடியும் பழுப்புக் கோடுக் குருவிதான், அதுவும் தரையில்தான் கூடு கட்டுகிறது, எங்கள் பக்கத்து ஏரித் திடல்களில் அதுவும் உண்டு. அதற்கு ஐங்குறுநூற்றிலேயே இடம் கிடைத்துவிட்டது. 1971இல் கோவையில் ஒரு கவிதை இதழுக்கே பெயராகி, ஒரு தலைமுறைக் கவிஞர்களுக்கு அடையாளமாகிவிட்டது. நெட்டைக்காலிக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. ஆனால் உச்சி வெயிலில், உளுந்துச் செடியின் பச்சை வாடை எழும்பி, தூரத்தில் கீதாரியின் கிடையில் ஆடுகள் கத்த, நடு வயலில் அந்தச் சாவிக்கொத்து குலுங்கிக் குலுங்கி வானத்தில் நகர்ந்து போவதைக் கேட்டவர்களுக்கு வேறு பாட்டு வேண்டியதில்லை. எனக்கு வேண்டியதில்லை.

கீதாரிகளையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு அறுப்பு முடிந்த வயலைத் தேடி வருவார்கள். இராத்திரி வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த சாகுபடிக்கு உரம். ஆடு மேய்ந்த தரையில் வண்டும் ஈயும் கிளம்பும், காலையில் நெட்டைக்காலிகள் கிடை கிளம்பிய இடத்தில் ஓடித் திரியும். வாத்துக்காரர்கள் வருவார்கள். எலி பிடிக்கிறவர்கள் வருவார்கள். பொறுக்கிய கதிரைச் சேலை முந்தியில் கட்டிக்கொண்டு கிழவிகள் போவார்கள். அறுத்து முடித்த வயல் அப்போது எல்லாருக்குமே பொதுவாக இருந்தது. பட்டா அப்பா பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கட்டடம் எழும்பாத ஒரு பெரிய மனை இருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போது அங்கே இரண்டு நெட்டைக்காலிகளைப் பார்க்கிறேன். அதே ஓட்டம், அதே வாலாட்டம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று சேரவில்லை. பின்னால் லாரி இரைச்சல், தரையில் உடைந்த செங்கலும் பிளாஸ்டிக்கும், புல் என்று இருப்பது ஒரு மூலையில். குருவி பாடினால்கூட எனக்கு இரண்டு சத்தம்தான் காதில் விழுகிறது. குருவியை மட்டும் பார்க்க நான் ஏங்கியதில்லை போலிருக்கிறது. அதன் காலுக்குக் கீழே இருந்த தரையும் சேர்ந்தே வேண்டியிருக்கிறது எனக்கு.

இந்தக் குருவி அழிந்துவிடவில்லை. உலக அளவில் இதற்கு ஆபத்தில்லை என்றுதான் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி. ஆனால் திறந்தவெளியையும் புல்தரையையும் நம்பி வாழும் பறவைகள் நம் நாட்டில் பொதுவாகக் குறைந்துகொண்டு வருகின்றன என்பது, 942 பறவை இனங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையிலேயே இருக்கிறது. நம்மைவிட முன்னால் இதைப் பட்டு அறிந்தவர்கள் பிரிட்டன்காரர்கள். அங்கே வயல் வானம்பாடிகளின் எண்ணிக்கை 1970களுக்குப் பிறகு பாதிக்கும் கீழே சரிந்தது. அவர்கள் காட்டை அழித்ததால் நடந்ததில்லை இது. வசந்தத்தில் விதைத்துக்கொண்டிருந்த தானியத்தை இலையுதிர் காலத்திலேயே விதைக்கத் தொடங்கினார்கள். அதனால் பனிக்காலம் முழுக்க அறுத்த தாளோடு சும்மா கிடந்த வயல் இல்லாமல் போனது, கூடு கட்டும் சமயத்தில் பயிர் நெருக்கமாகவும் உயரமாகவும் நின்றது. விளைச்சல் நிலம் அங்கேயேதான் இருந்தது, காலண்டர் மாறிவிட்டது. பிறகு கோதுமை வயலுக்கு நடுவே ஆங்காங்கே சின்னச் சின்னக் கட்டங்களை விதைக்காமல் விட்டுப் பார்த்தார்கள். வானம்பாடிகள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டன. அதைப் படித்தபோது எனக்கு அந்த அக்கா விட்டுவிட்டுப் போன ஒரு முழ உளுந்துதான் ஞாபகம் வந்தது. அவள் எந்த ஆராய்ச்சியும் படித்தவளில்லை.

எங்கள் ஊரிலும் காலண்டர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் கோடை நெல் போடுகிறார்கள். நிறையப் பேர் கோடைப் பருத்தி போடுகிறார்கள். அறுப்பு இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது, அதன் சங்கிலிச் சக்கரம் போன தடத்தில் உளுந்து எழுவதில்லை என்று விதைப்பதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. விவசாயத்தில் நாலு காசு வந்தால்தான் அடுத்த வருடமும் விவசாயம். எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்றுதான், வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பது. மண்வெட்டி போட்டு வரப்பு கழிக்க ஆள் கிடைப்பதில்லை, அதனால் கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு போய் அடித்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வரப்பு முழுக்கக் கருகிப் போகிறது. பயிருக்குத் தொந்தரவில்லாத, ஆட்டுக்குத் தீவனமான, மண்ணைப் பிடித்து நிறுத்துகிற அருகம்புல்லும் கோரையும் போய்விட்டால், குருவி எதற்குக் கீழே முட்டை வைக்கும்?

அப்பா போன பிறகு, சாலையோரத்து ஆறு மாவை விற்க வேண்டி வந்தது. அண்ணன்கள் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். யார்மேலும் வருத்தமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பெரியண்ணன் மோட்டார் சைக்கிளில் என்னை அழைத்துக்கொண்டு போனார். வயலைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "அங்க என்னம்மா இருக்கு பாக்க? கல்லு நட்டுப் போட்டுருக்காங்க" என்றார். உண்மைதான். செம்மண் கொட்டி மேடாக்கி, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். விற்றுப் போயும் வீடு எதுவும் எழும்பவில்லை. மூன்று நாலு மழை கண்டு தரையெல்லாம் புல் பிடித்துப்போயிருந்தது. வரப்பு இருந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. கிழக்குப் பக்கத்து மடையை வைத்து அடி எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

நடந்துகொண்டிருந்தபோது ஒரு மனைக்கல்லின் தலையில் அது வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. என்னைப் பார்த்து சிப் சிப் என்றது, வாலை ஆட்டியது, புழுவை விழுங்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலேயே எங்கேயோ குஞ்சு இருக்கிறது, நான் நிற்கும்வரை அது இறங்காது. "அண்ணே, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றேன். அண்ணன் என்ன ஏது என்று கேட்காமல் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, "வரப்புக் குருவியா?" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கும் அந்தப் பெயர் மறக்கவில்லை. நாங்கள் இருவரும் வந்த வழியே அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கிச் சாலைக்கு வந்தோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். கல்லின்மேல் குருவி இல்லை. இறங்கிவிட்டது.

மீதமுள்ள ஒன்பது மா குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் நல்ல மனிதர். போன தடவை போனில் பேசும்போது ஒன்று கேட்டேன். பருத்தி போடுங்கள், எது வேண்டுமானாலும் போடுங்கள், மேற்குப் பக்கத்து நடுவரப்புக்கு மட்டும் மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் மருந்து அடிக்காதீர்கள், புல் வளர்ந்தால் வளரட்டும், ஆடி மாதம் கழிக்கும் கூலியை நான் தந்துவிடுகிறேன் என்றேன். எதுக்கும்மா என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு, சரி என்றார்.

உங்களுக்கும் ஊரில் வயல் இருக்கலாம். சொந்தமாக இல்லாவிட்டாலும் வரப்பு வழியாக நடந்து போகிற வாய்ப்பு வரலாம். தண்ணீர் நின்ற பிறகு, மாசி பங்குனி சித்திரையில், பழுப்பாக ஒரு குருவி உங்கள் காலுக்கு முன்னால் நொண்டினால் அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள்.